மூன்று மீட்டர் ஆழத்துக்கு எதற்கு சிலிண்டர்?

திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை மாமல்லபுரத்தோடு முடிந்துவிடுகிறது, மிஞ்சிப்போனால் புதுச்சேரி. அதையே விடாமல் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் ராமநாதபுரம் வரும். அங்கே ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டிய கடலில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. ‘இருந்தன’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் பெரிய பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கிளிமீன், வண்ணாத்திமீன், கடல் அட்டை, கடற்புல் மேயவரும் கடற்பசு என்று அடர்ந்த உலகம் அது. 1986-இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989-இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டரும் உயிர்க்கோளக் காப்பகமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் போக முடியாது. வெளியூர்க்காரர் பவளத்தைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிக் குனிந்து பார்ப்பதுதான் வழி.

இது போதாது என்று நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, திருவான்மியூரிலோ அடையாறிலோ வீடு, கையில் நான்கு நாள் விடுப்பு என்றால் விமானம் ஏறி அந்தமான் போய் ஸ்கூபா முடித்துவிட்டு வருவது இன்று பெரிய சாகசமில்லை. அப்படிப் போய்வந்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: நம் மாநிலத்திலேயே பவளப்பாறை இருக்கும்போது அங்கே ஏன் ஸ்கூபாவைக் கொண்டுவரக் கூடாது? உள்ளூருக்கு வருமானம், அரசுக்குக் கட்டணம், மக்களுக்கு விழிப்புணர்வு என்று மூன்றும் கிடைக்குமே என்கிறார்கள். என் பதில் முழு மறுப்பு இல்லை. மன்னார் வளைகுடாப் பூங்கா யாரும் முதல்முறையாக முங்கிப் பார்க்கிற இடமாக ஆகிவிடக் கூடாது. ஸ்கூபாவைச் சென்னைக் கடலிலேயே கற்று, தண்ணீருக்குள் உடம்பை அடக்கத் தெரிந்த சிலர் மட்டும், ஒரு வேலையின் பொருட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரின் கண்காணிப்பில் அங்கே போகலாம். மற்றவர்களுக்குப் படகே போதும். இதைச் சொல்ல வைப்பது ஆழம் பற்றிய ஒரு சின்னக் கணக்கு.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் பெரும்பகுதி ஆழமற்ற தண்ணீரில் இருக்கிறது. அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள் பல திட்டுகள் முடிந்துவிடும். வற்றம் வரும்போது சில இடங்களில் பவளத்தின் முனையே வெளியே தெரியும். ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறைவு, பழகுவதற்குத் தோதான இடம் என்று எவருக்கும் தோன்றும். மூழ்குபவரின் உயிரை மட்டும் கணக்கில் எடுத்தால் அது ஓரளவு சரி. பவளத்தின் உயிரையும் சேர்த்தால் தலைகீழ். ஸ்கூபாவில் கடினமான பாடம் மூச்சுவிடுவது இல்லை. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்பதுதான். முதுகில் இருப்பதை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறோம், உண்மையில் அதற்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்று, அழுத்தி அடைத்தது. அந்தக் காற்றில் கொஞ்சம் உடம்பில் மாட்டிய மிதவைச் சட்டைக்குள்ளும் போகிறது. காற்று தண்ணீரின் அழுத்தத்துக்குத் தக்கபடி சுருங்கும், விரியும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து மூன்று மீட்டர் மேலே வந்தால் சட்டைக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 11 சதவீதம் விரிகிறது. மூன்று மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தாலோ 30 சதவீதம். தூரம் ஒன்றுதான், தூக்கிவிடும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் காற்றை ஆழமாக உள்ளிழுத்தாலே ஒரு கிலோ எடையைத் தூக்குகிற மிதப்பு வந்துவிடும். பதற்றத்தில் இருக்கும் புதியவர் ஆழமாகத்தான் இழுப்பார்.

ஆக, புதிதாக வந்தவர் மிக அதிகமாகத் தடுமாறுவது ஆழம் குறைந்த தண்ணீரில். மேலே எழும்பியதும் பயந்து காற்றை வெளியே விடுவார், உடனே கல்லாக இறங்குவார், இறங்குவது தெரிந்ததும் துடுப்புச்செருப்பைப் படபடவென்று அடிப்பார். நடுக்கடலில் 15 மீட்டர் தண்ணீர் காலுக்குக் கீழே இருந்தால் இதெல்லாம் சிரிப்பாக முடிந்துவிடும். இரண்டு மீட்டர் தண்ணீரில், மான்கொம்புப் பவளத்துக்கு ஒரு முழம் மேலே நடந்தால் கொம்பு முறியும். கிளை விடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நல்ல இடத்தில் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். முறிந்தாலும் ஒருவேளை தேறிக்கொள்ளும். உருண்டையாகக் கெட்டியாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதன் மேல் ஒரு கை ஊன்றினால் மேல்தோலாக இருக்கும் உயிர்த்திசு நசுங்கும், அந்த இடத்தில் பாசியும் நோயும் குடியேறும். அடிக்கிற செருப்பு கிளப்பிவிடும் மணல் வேறு தூசியாகப் படியும். வெறும் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி மேலே மிதந்தாலே முழுவதும் தெரிகிற ஆழத்துக்கு இத்தனை இரும்பைச் சுமந்து இறங்குவதில் அர்த்தம் குறைவு. சிலிண்டரோடு எடுக்கும் செல்ஃபி வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

‘நல்ல பயிற்சியாளர் இருந்தால், இறங்குவதற்கு முன் தெளிவாகச் சொல்லிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள்’ என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் லூசியா தீவில், மூழ்குபவர்கள் 353 பேரைத் தண்ணீருக்குள் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு தடவையாவது பாறையைத் தொட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் கூடுதலாகத் தொட்டார்கள். படகிலேயே ‘பவளத்தைத் தொடாதீர்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவைத்ததால் எந்த வித்தியாசமும் ஏற்படவில்லை. வழிகாட்டி கூடவே நீந்தி, தொடுகிறவரைத் தொட்ட இடத்திலேயே தடுத்தபோதுதான் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. எகிப்தின் ராஸ் முகமது பூங்காவில் நடந்த வேறோர் ஆய்வில், வாக்கியம் ஒன்றோடு நிறுத்தாமல் பவளம் எப்படி வாழ்கிறது என்று உட்காரவைத்து விளக்கி, தண்ணீரிலும் காட்டிக்கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. சொல்லுக்குப் பயனில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு பேர் என்றால் கட்டணம் எகிறும், ஆறு பேர் என்றால் பவளம் முறியும். விடுமுறைக் கூட்டம் வந்து நிற்கும்போது சந்தை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பவளத்தைக் கொல்வது வெப்பம், அதற்கு முன்னால் நாலு செருப்படி என்ன பெரிய விஷயம்? வாதத்தின் முதல் பாதி முழு உண்மை. பவளம் தன் திசுவுக்குள் நுண்பாசிகளை வைத்திருக்கிறது. அவை ஒளிச்சேர்க்கை செய்து ஊட்டும் உணவில்தான் அது பெரும்பாலும் பிழைக்கிறது. நிறமும் அவற்றால் வருவதே. ஏப்ரலிலிருந்து ஜூன் வரையிலான கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகி, அப்படியே வாரக்கணக்கில் நின்றுவிட்டால் பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. தூத்துக்குடியிலிருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக எடுத்துவரும் கணக்கின்படி, உயிருள்ள பவளத்தின் பரப்பு அந்த ஓர் ஆண்டில் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு விழுந்தது. 2024-இல் உலகம் முழுக்கப் பரவிய நான்காவது வெளுப்பு இங்கேயும் எட்டிப்பார்த்தது. எந்த ஸ்கூபாக் கூட்டத்தாலும் ஒரு கோடையில் இவ்வளவு சேதம் செய்ய முடியாது.

ஆனால், இதே கடலின் முந்தைய கதை அந்த வாதத்தின் இரண்டாம் பாதியைப் பொய்யாக்குகிறது. தூத்துக்குடிப் பக்கம் பல தலைமுறைகளாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், சுவர் எழுப்பினார்கள், தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் பின்னாலிருந்த மணல்தீவுகள் கரைய ஆரம்பித்தன. விலங்குசல்லி மூழ்கியதில் இந்த வெட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. வான் தீவும் அதே வழியில் தேய்ந்து, அதைக் காப்பாற்றக் கடலடியில் கான்கிரீட் தடுப்புகளை இறக்கவேண்டி வந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, அதாவது சட்டத்தின் கண்ணில் புலிக்குச் சமமாயின. 2005-ஐ ஒட்டி வெட்டு நின்றது. அந்த ஆண்டு சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் 2009-இல் 43-ஐத் தொட்டது. 2010 வெளுப்பில் விழுந்து மறுபடி எழுந்தது. 2016 அடிக்குப் பிறகும் 2021-க்குள் 27 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கரியமில வாயுவை ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்து குறைக்க முடியாது. கைக்கெட்டிய காயங்களை நிறுத்தினால் பாறை இரண்டு வெளுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் அவகாசத்தில் தேறிக்கொள்கிறது என்று இந்த எண்கள் காட்டுகின்றன. அந்த அவகாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவதற்கு நல்ல நேரம் இது இல்லை.

உலகத்தில் மற்ற இடங்களில் எல்லாம் அனுமதிக்கவில்லையா என்றால், அனுமதிக்கிறார்கள், எப்படி என்றும் பார்க்க வேண்டும். கரீபியனில் போனேர் தீவு 1979-இல் தன் கடலைப் பூங்காவாக்கியது. 1992-இலிருந்து மூழ்குபவரிடம் வாங்கும் கட்டணத்திலேயே பூங்கா நடக்கிறது. நங்கூரம் போடத் தடை, கையுறை மாட்டத் தடை. கையுறை இருந்தால் கை தானாகப் பிடிப்பைத் தேடும் என்று கண்டுபிடித்தவர் மனித சுபாவம் அறிந்தவர்! எத்தனை பட்டயம் வைத்திருந்தாலும் அங்கே வருகிறவர் முதலில் கரையோரம் ஒரு தடவை மூழ்கித் தன்னை நிரூபித்தாக வேண்டும். மலேசியாவின் சிபடானில் தங்கும் விடுதிகளையே தீவை விட்டு வெளியேற்றி, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று சீட்டு கொடுக்கிறார்கள். அங்கே பாறை விளிம்பிலிருந்து 600 மீட்டர் ஆழத்துக்கு நெட்டுக்குத்தாக இறங்குவதால், புதியவர் தடுமாறக் காலுக்குக் கீழே இடமிருக்கிறது. அந்தமானில் வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளை ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் மாற்றி மாற்றித் திறக்கிறது. ஒன்றில் ஆள் நடமாடும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. நம்முடையதைப் போல ஆழமற்ற பாறையைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் இலங்கையில் திருகோணமலை பக்கத்தில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு போதும். 2003-இல் தேசியப் பூங்காவான இடம். இடுப்பளவு தண்ணீரில் கூட்டம் இறங்கி, கால் வலித்தபோது பவளத்தின் மேலேயே நின்றது. கண்ணாடிப் படகும் பாவமறியாதது இல்லை: அதே இலங்கையின் ஹிக்கடுவையில் அளவுக்கு மீறி ஓடிய படகுகள் பாறையை உரசியே தேய்த்தன. ஆகையால் படகே போதும் என்று மேலே சொன்னதோடு, படகுக்கும் எண்ணிக்கை வேண்டும், வற்றத்தில் ஓடக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சென்னைக்காரர் ஸ்கூபாவை எங்கே கற்பது? தன் வீட்டு வாசலில். திருவான்மியூர் கடலில் பவளப்பாறை கிடையாது. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் கொட்டும் சேறு, கரையோடு கரையாக இடைவிடாமல் நகரும் மணல், அடிக்கடி கலங்கும் நீர் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் வெளிச்சத்தை நம்பி வாழும் பவளம் பாறையாகத் திரள்வதில்லை. பார்க்க ஒன்றுமில்லாத கடல் என்று இதை ஒதுக்குவது வழக்கம். திருவான்மியூர் குப்பத்திலோ கொட்டிவாக்கத்திலோ மீன்பிடிக்கிறவரிடம் சொன்னால் சிரிப்பார். கடலடியில் கல் இருக்கும் இடத்தை அவர்கள் ‘பார்’ என்பார்கள். எந்தப் பார் எங்கே, கரையில் எந்தக் கோபுரத்தையும் கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்தால் அதன் மேல் படகு நிற்கும் என்பதெல்லாம் வீட்டுச் சொத்தாக வருகிற அறிவு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கரையோரம் பல ஊர்களுக்கு எதிரே மீன் கூடுவதற்காகச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறது. இத்தகைய இடங்களில் களவா பொந்துக்குள் பதுங்கும், அஞ்சாளை தலை நீட்டும், மேலே ஷீலாக் கூட்டம் சுற்றும், மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். பட்டயப் பயிற்சியில் முதல் நிலைக்கு எல்லை 18 மீட்டர். அந்த ஆழம் இங்கேயும் உண்டு. கான்கிரீட்டை உதைத்தால் வலிக்கப்போவது காலுக்குத்தான்.

கலங்கல் ஒரு குறைதான். பருவமழை ஓய்ந்து சேறு அடங்கும் மாதங்கள் தவிர மற்ற நாட்களில் எதிரே நீட்டிய கையே மங்கலாகத் தெரியலாம். காசு கொடுத்து அதையா பார்ப்பது என்பவருக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. ஆனால் பயிற்சி என்ற வகையில் கலங்கல் நல்ல வாத்தியார். எதிரே அடையாளம் எதுவும் தெரியாத நீரில் ஆழமானியை மட்டும் நம்பி ஒரே மட்டத்தில் நிற்கப் பழகியவர், தெளிந்த நீரில் தடுமாறுவது அரிது. கற்றதைப் பயன்படுத்தவும் இங்கே வேலை இருக்கிறது. அறுந்து போய்ப் பாரில் சிக்கிக்கிடக்கும் வலைகள் ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, திருவான்மியூர் வழியாக, 1988 முதல் மாணவர்கள் இரவு நடை நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். 2025-இன் தொடக்கத்தில் இதே மணலில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையில் குஞ்சைக் காப்பாற்றுகிற ஊருக்குக் கடலடியில் வலையை அறுத்தெடுக்க ஆள் தேவை. எந்த வலை எந்தப் பாரில் சிக்கியது என்று மீனவருக்குத் தெரியும். இறங்கி அறுக்கக் கருவியும் பயிற்சியும் மூழ்குபவரிடம் இருக்கின்றன. இருவரும் ஒரே படகில் ஏறுவதில் ஒரு சிக்கல்தான்: பார் இருக்கும் இடத்தை வெளியாளுக்குக் காட்ட எந்த மீனவரும் லேசில் சம்மதிக்கமாட்டார். அந்த நம்பிக்கையைப் பெறாமல் ஸ்கூபா நிறுவனங்கள் இங்கே நிலைக்க முடியாது.

இப்படித் தேறியவர்களில் சிலர் மன்னார் வளைகுடாவுக்குப் போவதை நான் வரவேற்பேன். வெளுப்பின் பரப்பைக் குறித்துக்கொள்ள, படமெடுக்க, குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாஃபைகஸ் பாசியை அகற்ற ஆட்கள் வேண்டும். அந்தப் பாசி வருமானத்துக்காகப் பயிரிடக் கொண்டுவரப்பட்டது என்பதை, ‘உள்ளூருக்கு வருமானம்’ என்று தொடங்கும் எல்லாத் திட்டங்களையும் படிக்கும்போது ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆய்வுக்கு அல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. மற்ற மாதங்களில் ஓரிரு தீவுகள் மட்டும், வண்டூர் போல முறைவைத்து.

யாருக்கு முதல் சீட்டு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் பல தலைமுறைகளாக இந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்துவந்தவர்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கல்லில் கீறாதிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, கருவி அவ்வளவுதான். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று அவர்களே தங்களுக்கு வரம்பு போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அதே பெண்களைத்தான் பூங்கா எல்லை அத்துமீறியவர்களாக ஆக்கியது. பிழைப்புக்காக இறங்குகிறவரை விரட்டிவிட்டு, பொழுதுபோக்குக்காக வருகிறவருக்குக் கட்டண ரசீது கிழிப்பது எந்தப் பாதுகாப்புக் கணக்கிலும் நிற்காது. நீரோட்டமும் பாறையின் ஒவ்வொரு வளைவும் அறிந்த அவர்களையும், தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களையும் சம்பளம், காப்பீடு, முறையான பயிற்சியோடு பூங்காவின் வழிகாட்டிகளாக வனத்துறை நியமிக்கட்டும். யாரை இறக்கலாம், யாரைப் படகிலேயே உட்காரவைக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தையும் அவர்களிடமே கொடுக்கட்டும். அந்த ஆணை வெளியான பிறகு திருவான்மியூரிலிருந்து சிலிண்டரோடு கிளம்புவதைப் பற்றிப் பேசலாம்.